மூச்சு மெஷினுக்கு எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் குறட்டையைப் பற்றி வந்த மருத்துவக் கட்டுரையை என் மனைவி எனக்குச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினாள். அதில் அவளுக்கு ஒரு தனித் திருப்தி. கழுத்துப் பருமன், பகல் தூக்கம், இரத்த அழுத்தம் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, தேவைப்பட்டால் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்க, மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் கருவி) வைத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் கட்டுரையை முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறவன் நான். மெஷினை வாங்குவது கூடப் பெரிதில்லை. வாங்கியதை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்புவதுதான் பாடு, அதுவும் விமானத்தில். கடிதம் கொஞ்சம் நீளம். வெட்டுவதாக இருந்தால் முன்பாதியை வெட்டுங்கள், பின்பாதியில் கை வைக்காதீர்கள்.

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். 34 வருஷமாகிறது. அப்பா தென்கடலில் சங்கு குளித்தவர். மனைவி கல்யாணத்துக்கு முன்னால் பாம்பன் பக்கம் அவள் அம்மாவோடு பாசி எடுக்கப் போனவள். தண்ணிக்குள் முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்துக்கொண்டு வரும் வேலை அது. ஆக, மூச்சடக்குவது எங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை. பாயில் படுத்துக்கொண்டு நான் அடக்கியதுதான் புதுசு.

ஒரு ராத்திரி என் குறட்டை பாதியில் நின்றிருக்கிறது. அவள் பழைய பழக்கத்தில் எண்ண ஆரம்பித்திருக்கிறாள். 38 வரை எண்ணினாளாம். அப்புறம் நான், தண்ணிக்கு மேலே தலையைத் தூக்குகிறவன் மாதிரி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடியும் குறட்டையில் இறங்கிவிட்டேன். காலையில் சொன்னாள்: “முங்குறவுக கூட நினைச்சாத்தான் முங்குவாக. நீங்க நினைக்காமயே முங்குறீக.”

கடலுக்குப் போய் இன்ஜின் பார்க்க வேண்டி வந்த நாட்களில், “இன்னொரு இன்ஜின் ஏறிருச்சுடா” என்று பையன்கள் கேலி பேசியிருக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்றுதானே ஊரில் அர்த்தம்? ஆனால் வேலைக்கு நடுவில், கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்த அன்றைக்குத்தான் பயம் வந்தது. மதுரைக்குப் போனோம். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலும், போதாமல் போனாலும் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 47.

நோயை டாக்டர் விளக்கியதைவிட எனக்கு நானே விளக்கிக்கொண்டதுதான் நன்றாகப் புரிந்தது. பம்பு தண்ணி இழுக்கிற பக்கத்து ரப்பர் ஹோஸ் பழசாகித் தொளதொளத்துப் போனால், பம்பு இழுக்க இழுக்க ஹோஸ் சப்பிக்கொள்ளும். தண்ணி வராது. தூக்கத்தில் என் தொண்டை அந்தப் பழைய ஹோஸ். மெஷினுக்குள் இருப்பது சின்ன ப்ளோயர், அவ்வளவுதான். அது காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஹோஸ் சப்பாமல் நிற்கிறது. எனக்கு வைத்திருக்கும் அழுத்தம் 11 சென்டிமீட்டர் தண்ணி, அதாவது அரைச் சாண் உயரத் தண்ணியின் பாரம். கார் டயரில் அடிக்கிற 30 பவுண்டு காற்று இதே கணக்கில் 21 மீட்டர் தண்ணி! இத்துனூண்டு காற்று ஒரு மனுஷனைத் தூங்க வைக்கிறது என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-ல் இந்த வழியை உலகத்துக்கு எழுதிக் காட்டினாராம். யாரோ ஒரு டாக்டர் மோட்டாரையும் குழாயையும் வைத்துக்கொண்டு மெக்கானிக் வேலை பார்த்திருக்கிறார் என்று கேட்டதும் மெஷின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கடற்கரையில் இந்த மெஷினை வைத்துக்கொள்வதற்கு ஒரு தனிப் பக்குவம் வேண்டும். மூக்கு காயாமல் இருக்க அதில் ஒரு தண்ணி டப்பா உண்டு. எங்கள் தெருத் தண்ணியை ஊற்றினேன், மூன்றே நாளில் அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. சரி, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணிதானே என்று என் பட்டறை கேனை எடுக்கப் போனேன். அது வேண்டாம், மருந்துக்கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள் என்று மெஷின் மாட்ட வந்த பையன் தடுத்துவிட்டான். காற்று இழுக்கிற பக்கம் இருக்கும் ஃபில்டர் உப்புக்காற்றிலும் தூசியிலும் சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடும். மாதம் பிறந்தால் மாற்றிவிடுகிறேன். ஃபில்டர் பார்க்காமல் இன்ஜின் ஓட்டாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் சொந்த மூச்சுக்குப் பார்க்காமல் இருக்கலாமா?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். அங்கே பேரன் பிறந்தான். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் படகுகள் கடலுக்குப் போகாது, எங்களுக்கோ அப்போதுதான் வேலை குமியும். அதனால் அதெல்லாம் முடிந்து ஜூலையில்தான் கிளம்ப முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் விமானம் இறங்குகிற இடம் என்றால் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளம்தான். அதில் நாம் ஏற முடியாது. மதுரையோ திருச்சியோ, மண்டபத்திலிருந்து காரில் மூன்று நான்கு மணி நேரம். எந்த நிலையம், எந்தக் கம்பெனி விமானம் என்று இங்கே எழுதவில்லை. ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கமில்லை.

கவுண்டரில் இருந்த பெண் என் மகள் வயசு. மரியாதையாகத்தான் பேசியது. “அங்கிள், கையில ஒரு பைதான், ஏழு கிலோதான். இது ரெண்டாவது பை” என்றது. தோளில் இருந்த மெஷின் பை மாஸ்க், ட்யூப், அடாப்டர் எல்லாம் சேர்த்து இரண்டரை கிலோ. “இது சாமான் இல்லம்மா, தூங்குறப்ப மூச்சு விடுற மெஷின்” என்றேன். அது பக்கத்துக் கவுண்டரைப் பார்த்தது, பக்கத்துக் கவுண்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தது. கூடுதல் பைக்குப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள் என்று முடிவாயிற்று. எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அதில் ஒருவர் உச்சுக் கொட்டினார். கூச்சத்தில் தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். கருப்பட்டிப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, பேரனுக்குத் தைத்த சட்டைகளுக்கு நடுவில் மெஷினைச் செருகினேன்.

இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. கிளம்பிய அன்று மதியம் ஒரு மணி நேரம் தூங்கினேன். எழுந்த அவசரத்தில் தண்ணி டப்பாவைக் கொட்டாமல் அப்படியே பைக்குள் வைத்துவிட்டேன்.

நள்ளிரவு விமானம், நான்கு மணி நேரப் பயணம். பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலத்தானாம். சுமாராகக் கொடைக்கானல். கடல் மட்டத்திலேயே திணறுகிறவன் கொடைக்கானலில் மெஷின் இல்லாமல் உட்கார்ந்து தூங்கினால் என்ன ஆகும்? முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அவர் திரும்புவதற்குள் மனைவி என் விலாவில் இடித்து எழுப்பிவிட்டாள். அதற்கப்புறம் இருவரும் தூங்கவில்லை.

மகன் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது பேரன் சட்டைகள் நனைந்திருந்தன. மெஷினைத் தூக்கிச் சாய்த்தேன். காற்று வருகிற ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணி வந்தது. சரக்கு அறையில் பெட்டி குப்புறக் கிடந்திருக்கும், டப்பாத் தண்ணி முழுக்க ப்ளோயருக்குள் இறங்கிவிட்டது. படகு முங்கி இன்ஜின் தண்ணி குடித்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ப்ளக்கில் மாட்டிப் பார்க்கத் துடித்த மகனைத் தடுத்தேன். பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். மனைவி அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். “இது உங்க போட்டு இன்ஜின் இல்ல” என்றாள்.

கடைகளில் விசாரித்தான் மகன். டாக்டர் சீட்டு கேட்டார்கள். சீட்டு மண்டபத்தில் பீரோவுக்குள். பீரோச் சாவி என் சட்டைப் பையில். மச்சினனை விட்டுப் பூட்டை உடைக்கச் சொல்லி, சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, இரவல் மெஷின் கைக்கு வர நாலு ராத்திரி ஆகிவிட்டது. அந்த நாலு ராத்திரியும் நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினேன். பக்கத்தில் மனைவி. பழையபடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பேரனுக்குப் பால் கொடுக்க எழுந்த மருமகள், “மாமா மூச்சு விடுறாகளா அத்தை?” என்று கேட்டதை அரைத் தூக்கத்தில் கேட்டேன். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போன இடத்தில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மகன் வேலை பார்த்து வைத்திருந்தான். அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்திலேயே, இந்த மாதிரி மூச்சு மெஷினைக் கைப்பைக்கு மேல் தனியாக எடுத்து வரலாம், கட்டணமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது! அதை அச்சடித்து மஞ்சள் மையால் கோடு போட்டான். டாக்டரிடம் கடிதம் வாங்கினான். முன்கூட்டியே போன் செய்து சொன்னான். பையில் மெடிக்கல் டிவைஸ் என்று ஒரு சீட்டும் தொங்கவிட்டான். கவுண்டரில் இருந்த தம்பி சீட்டைப் பார்த்தான், சிரித்தான், “நீங்க போகலாம் சார்” என்றான். காகிதத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி அதேதான், மெஷினும் அதே இரண்டரை கிலோதான், இருக்கையில் உட்கார்ந்திருந்த ஆள்தான் வேறு.

என் கோபமெல்லாம் இதில்தான், ஆசிரியர் அவர்களே. விதி இல்லை என்றால் கேட்டுப் போராடலாம். விதியை எழுதி, யாரும் போகாத பக்கத்தில், பாதிப் பேருக்குத் தெரியாத மொழியில் வைத்துவிட்டு, கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கும் சொல்லாமல் விட்டால் அது யாருக்கு உபயோகம்? அமெரிக்கா போய்வரும் விமானங்களில் இப்படிப்பட்ட உதவிக் கருவியைக் கைப்பைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்று அந்த நாட்டு அரசே விதி போட்டிருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான். எனக்கு அமெரிக்காவில் சோலி இல்லை. ஆனால் அப்படி ஒரே மாதிரி எழுதி வைக்க முடியும் என்று தெரிகிறதல்லவா? கைத்தடி ஊன்றி வருகிறவரின் தடியை யாரும் தராசில் வைப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது. என் நோய் ராத்திரி மட்டும் தெரிகிற நோய். பகலில் பார்த்தால் நான் ரெண்டு பை தூக்கி வருகிற தடியன்.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். திரும்புகிற வழியில், பையிலிருந்து மெஷினை வெளியே எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரேயால் அதற்கு ஒன்றும் ஆகாது. சோதனையில் நின்ற இளைஞருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறு பாஷை வராது. மாஸ்க்கை எடுத்து மூக்கில் வைத்து, கண்ணை மூடி, நல்லதாக ஒரு குறட்டை விட்டுக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் மொழியில் ஏதோ சொல்லி, தன் அப்பா என்பது போல் ஆகாயத்தைக் காட்டினாரா, ஊரைக் காட்டினாரா தெரியவில்லை, மெஷினை அவரே பைக்குள் வைத்து ஜிப் போட்டுக் கொடுத்தார்.

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, பெரியபட்டினம் என்று எங்கள் கடற்கரை முழுக்க வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். பெற்றவர்கள் பேறுகாலத்துக்கும் உம்ராவுக்கும் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இந்த மெஷினோடு கிளம்பினால் என்னிடமிருந்து சில விஷயம். கிளம்பும் முன் தண்ணி டப்பாவைக் கழற்றி, கொட்டி, துணியால் துடைத்துத் தனியாக வையுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். மெஷின் எப்போதும் கையோடு. டாக்டர் கடிதத்தின் ஒரு பிரதி பையில், ஒன்று போனில், பீரோவில் அல்ல. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சிங்கப்பூரிலும் துபாயிலும் ப்ளக்கின் மூன்று காலும் பட்டையாக இருக்கும், அதற்கு மட்டும் ஒரு மாற்று ப்ளக். சில மெஷின்களில் போன் மாதிரியே சிக்னல் அனுப்பும் வசதி உண்டு. பறக்கும்போது மெஷினை ஓட்டுவதாக இருந்தால் அதிலும் ஏர்ப்ளேன் மோடு போட வேண்டும்.

விமானத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு தூங்க நினைப்பவர்கள் கம்பெனியிடம் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் ப்ளக் இருந்தாலும் அதன் மின்சாரம் மெஷினுக்குப் போதாமல் போகலாம். பேட்டரிதான் நம்பிக்கை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, என் தொழில் கணக்கு என்பதால் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்ட 98. நூறு வரை பொதுவாகக் கேள்வி இல்லை. நூறுக்கு மேல் 160 வரை கம்பெனியின் சம்மதம் வேண்டும். அதற்கும் மேல் என்றால் கையில் கொண்டுபோக முடியாது. உதிரி லித்தியம் பேட்டரியைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யார் போய் அணைப்பது? தண்ணி சூடாக்குகிறதை நிறுத்திவிட்டு ஓட்டினால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். படகு பேட்டரியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகலாமா என்று என் பட்டறைப் பையன் கேட்டான். ஆசிட் பேட்டரியோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விமானக் கம்பெனிகளிடம் எங்களுக்கு வேண்டியது இரண்டே காரியம். விமான டிக்கெட்டில் ஏழு கிலோ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதற்குக் கீழேயே மூச்சு மெஷின் இந்தக் கணக்கில் வராது என்று தமிழிலும் ஒரு வரி போடட்டும். கவுண்டர் மேஜையில் உட்காருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த மெஷினை ஒருமுறை கண்ணால் காட்டட்டும். மெஷின் விற்கிறவர்களும் மருத்துவமனைகளும், 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பில் கொடுக்கும்போதே பயணக் கடிதம் ஒன்றையும் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நாம் கேட்டால்தான் தர வேண்டுமா?

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குறட்டையைப் பற்றிக் கட்டுரை போடும்போது, நம் ஊரிலிருந்து பறக்கிற ஒவ்வொரு கம்பெனியும் இந்த மெஷினுக்கு என்ன விதி வைத்திருக்கிறது என்று கேட்டு, தமிழில் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். பேரனுக்குக் காது குத்து தை மாதம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் வந்தால் வெட்டி லேமினேட் செய்து பையில் தொங்கவிட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு மெக்கானிக்,
மண்டபம்.